காங்கேயத்துக்கு மூன்று நடை

ஈஸ்வரமூர்த்திக்குக் காது சரியாகக் கேட்காது என்பது கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. அவன் சொன்னதில்லை. கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

பதினாறு வயதில் சூலூரில் தாய்மாமனின் விசைத்தறிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவன் அவன். தறிச் சத்தத்துக்குள் யாரும் குரல் எடுத்துப் பேசுவதில்லை. உதட்டை அசைத்தால் போதும், எதிரில் நிற்பவனுக்குப் புரிந்துவிடும். அதனால் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது அவனுக்கே தெரியவில்லை. ஒரு தீபாவளிக்குக் கூடம் மூடியிருந்தது. தெருவில் பையன்கள் வெடி போட்டது கேட்டது. பக்கத்தில் உட்கார்ந்து தங்கை பேசியது கேட்கவில்லை. அவள் வாய் அசைந்ததைப் பார்த்த பிறகுதான் பேசுகிறாள் என்றே தெரிந்தது. அன்றைக்கு அவன் பலகாரத்தைச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான். ஏன் என்று தங்கை கேட்டிருப்பாள். அதுவும் கேட்கவில்லை.

தறியை விட்டுவிட்டுக் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் படித்தான். வகுப்பில் முதல் பெஞ்சு, வாத்தியாரின் உதட்டுக்கு நேர் எதிரே. அந்த மெஷின் அவனுக்குப் பிடித்துப்போனது. அதற்கு ஏதாவது சொல்லவேண்டும் என்றால் திரையில் எழுதிவிடும். ஹார்டு டிஸ்க் சுழல்கிறதா என்று மற்றவர்கள் காதைக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள், அவன் விரலை வைத்துப் பார்ப்பான். படிப்பு முடிந்ததும் நூறடி ரோட்டில் பாலகோபால் நடத்திவந்த சர்வீஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. பாலகோபாலுக்குக் கனத்த குரல், நேராக நின்று பேசுவார். அதனால் தப்பித்தான். போன் எடுக்கிற வேலை ராமாமணியுடையது. கம்ப்ளைண்டுகளை அவள் சீட்டில் எழுதி மேஜையில் வைத்துவிடுவாள். அவன் சீட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவான்.

மற்ற நேரங்களில் அவனுக்கு இரண்டு வார்த்தைகள் போதுமாக இருந்தன. ஒன்று, "செரிங்க." இன்னொன்று, "பாத்துக்கலாமுங்க." மற்றவர்கள் சிரித்தால் சிரிப்பான், சற்றுத் தாமதமாக. டீக்கடையில் கூட்டமாக நின்று பேசும்போது மெல்ல விலகிப் பேப்பரை எடுத்துக்கொள்வான். அவன் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவன் என்று கம்பெனியில் பேச்சு.

ஒரு தடவை கொடுமுடிப் பக்கம் பெண் பார்க்கப் போனார்கள். பெண்ணின் அப்பா ஏதோ கேட்டார். எங்கே குடியிருக்கிறாய் என்பதாக அவனுக்குப் பட்டது. "ரூமுதானுங்க, மேல் மாடி, காத்து நல்லா வருமுங்க" என்றான். கூடம் முழுக்கச் சிரித்தது. அவர் கேட்டது, காபிக்குச் சர்க்கரை போதுமா என்று. அந்தப் பெண்ணும் உள்ளே கதவோரத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை அவன் பார்த்தான். அதற்குப் பிறகு யார் ஜாதகம் கொண்டுவந்தாலும் வேண்டாம் என்றுவிட்டான். முப்பத்து நாலு வயதில் அந்த மேல்மாடி ரூமில் தனியாகத்தான் இருந்தான்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஆடி மாதம். காங்கேயத்தில் ஒரு தேங்காயெண்ணெய் மில்லில் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் செத்துப்போய், இரண்டு மாதம் சும்மா கிடந்த பிறகு புதுசு வாங்கச் சம்மதித்திருந்தார்கள். அதைப் பொருத்திக் கொடுக்க ஈஸ்வரமூர்த்தி போனான்.

மில்லைக் கவனித்துக்கொண்டது பழனியாத்தாள் என்கிற அம்மா. ஐம்பது வயதிருக்கும். அவர் வீட்டுக்காரருக்குத் தோட்டமும் மாடுகளும் போதும், மில் பக்கமே எட்டிப்பார்க்கமாட்டார். வெளிக்களத்தில் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. செக்கு இயந்திரங்கள் ஓடுகிற கொட்டகையை ஒட்டினாற்போல ஆபீஸ் ரூம். கம்ப்யூட்டர் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் இருந்தது. வேலை செய்கிறவன் அறைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரவேண்டும்.

பழனியாத்தாள் ஓர் இடத்தில் நிற்கமாட்டார். வாசற்படியில் நின்று களத்து ஆட்களை ஒரு சத்தம் போடுவார், உள்ளே வந்து எதையோ எடுப்பார், எடுத்துக்கொண்டே பேசுவார். பேச்சு அவனிடமா, ஆட்களிடமா என்று பிரித்துக்கொள்ள முடியவில்லை. திரும்பிப் பார்த்தபோதெல்லாம் அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தலையை ஆட்டிவைத்தான். "செரிங்க" என்றான். "பாத்துக்கலாமுங்க" என்றான்.

கேபினட்டைத் திறந்து புது டிஸ்க்கைப் பொருத்தினான். கேபிளின் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் வரவேண்டும் என்று பார்த்து மாட்டினான். ஆன் செய்ததும் திறக்கிற செட்டப் பக்கத்தில் போய்ப் புது டிஸ்க்கின் விவரத்தைப் பதிந்தான். தேதி தப்பாக இருந்தது. இரண்டு மாதம் சும்மா கிடந்த மெஷின் அப்படித்தான் இருக்கும் என்று திருத்தினான். பிளாப்பியிலிருந்து, மெஷினை ஓட்டுகிற டாஸை ஏற்றினான். பிளாப்பியை எடுத்துவிட்டு ஆன் செய்தால் டிஸ்க்கிலிருந்து கிளம்பவில்லை. டிஸ்க்கில் பிரித்த பகுதியை 'ஆக்டிவ்' என்று குறிக்க மறந்திருந்தான். குறித்தான். கிளம்பியது. கணக்கு புரோகிராமை ஏற்றி, அணைத்து, ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்பப் போட்டுப் பார்த்தான். நன்றாக வந்தது. பழனியாத்தாள் மோர் கொடுத்தார். குடித்துவிட்டுப் பஸ் ஏறினான்.

மறுநாள் காலையில் மேஜையில் சீட்டு இருந்தது. 'காங்கேயம் ஆயில் மில். பூட் ஆகவில்லை.'

இரண்டாவது நடை. போய்ப் பார்த்தால் திரையில் ஒற்றை வரி, சிஸ்டம் உள்ள டிஸ்க்கைப் போடு என்று கேட்டுக்கொண்டு நின்றது. விரலை வைத்தான், டிஸ்க் சுழன்றது. கேபிளைக் கழற்றி மாட்டினான். வேறு கேபிள் போட்டான். பிறகு செட்டப்பைத் திறந்தால், டிஸ்க் இருந்த இடத்தில் 'இல்லை' என்று இருந்தது. நேற்று அவன் கையால் பதிந்தது. மறுபடியும் பதிந்தான். உடனே கிளம்பிவிட்டது.

யாரோ கையை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தான். அந்த நினைப்பிலேயே மேற்கொண்டு பார்க்காமல் விட்டுவிட்டான். அதே செட்டப்பின் முதல் பக்கத்தைத் திருப்பியிருந்தால் தேதி மறுபடியும் பின்னால் போயிருந்தது தெரிந்திருக்கும்.

"ஏனுங்கம்மா, ஆன் பண்றப்ப ஆரோ கீபோர்டுல எதையாச்சும் அமுக்கிப்போடறாங்கன்னு நெனைக்கறனுங்க" என்றான்.

பழனியாத்தாளின் முகம் மாறியது. இந்தத் தடவை நேருக்கு நேர் நின்றுதான் பேசினார். "நாந்தானுங்க தம்பி காலைல ஆன் பண்ணுனேன். எஃப் ஒண்ணு அமுக்குன்னு எழுத்து வந்துதுங்க, அமுக்குனேன். அதுக்கு மேல ஒரு விரலு படலைங்க. எம்பட ஆபீஸ்ல வேறொருத்தரும் இதத் தொடமாட்டாங்க."

சொல்லிவிட்டு வாசற்பக்கம் திரும்பி இன்னும் ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். கையைக் கூட ஆட்டினார். ஈஸ்வரமூர்த்திக்கு முதுகும் கொண்டையும்தான் தெரிந்தன.

"செரிங்க" என்றான்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பல்லடம் தாண்டி சூலூர் வரும்போது ரோட்டோரத்துத் தறிக்கூடங்களில் விளக்கு எரிந்தது. ஒரு காலத்தில் அந்தச் சத்தம் பஸ்ஸுக்குள்ளேயே வரும். இப்போது படம் மாதிரி ஓடிப்போயிற்று. எஃப் ஒன்று அமுக்கச் சொன்னது ஏன் என்று கொஞ்ச நேரம் யோசித்தான். அந்த அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னது என்னவாக இருக்கும் என்பதில் மனது போய்விட்டது. தன்னைத் திட்டியிருப்பார் என்று முடிவு செய்தான். பாதிப் பேச்சு கேட்காதவனுக்கு மீதிப் பாதியெல்லாம் வசவாகத்தான் தோன்றும்.

அடுத்த நாள் சீட்டு இல்லை. பாலகோபாலே அவன் மேஜைக்கு வந்தார்.

"மூர்த்தி, காங்கேயம் மறுபடியும் போச்சு. அந்தம்மா போன்ல காச்சறாங்க. டிஸ்க்கு கெட்டதா? கெட்டதுன்னா மாத்திக் குடுத்துரு. இன்னைக்கு முடிக்காம வராத."

பையில் இன்னொரு புது டிஸ்க்கைப் போட்டுக்கொண்டு மூன்றாவது நடை போனான்.

மில்லில் அன்று நல்ல கூட்டம். செக்குகள் எல்லாம் ஓடின. தரை வழியாக அந்த அதிர்வு காலில் ஏறியது. பழனியாத்தாள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. மெஷினை நோக்கிக் கையை நீட்டினார், அவ்வளவுதான். அவன் கேபினட்டைத் திறந்து, குனிந்து, கேபிள்களுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டான். அங்கே இருப்பது சுலபமாக இருந்தது. யார் முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ, தோளில் ஒரு கை விழுந்தது. திடுக்கிட்டுத் தலையைத் தூக்கியதில் மேஜை விளிம்பில் இடித்துக்கொண்டான். பழனியாத்தாள் எதிரில் நின்றார். முகம் சிவந்திருந்தது.

"ஏனுங்க தம்பி, நானும் ரொம்ப நேரமாக் கத்தீட்டு இருக்கறேன். நான் பேசறது உங்க காதுல உழுகுதுங்களா, இல்லீங்களா?"

கோபத்தில் எல்லோரும் கேட்கிற கேள்விதான் அது. பதிலை எதிர்பார்த்து யாரும் கேட்பதில்லை. மன்னிச்சுக்கோங்க என்றிருக்கலாம். எப்போதும் போல செரிங்க என்றிருக்கலாம். தலை வலித்தது. மூன்று நாளாக அதே பஸ், அதே வரி, அதே மெஷின்.

"இல்லீங்க" என்றான். "உழுகறதில்லீங்க."

அவர் முதலில் அதைத் திமிர் என்றுதான் எடுத்துக்கொண்டார். வாய் திறந்தது. பிறகு அவன் கண்கள் தன் வாயையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தார்போல இருக்கிறது. கோபம் எங்கே போவதென்று தெரியாமல் முகத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது.

"நெசமாலுமுங்களா?"

"ஆமாங்க. தறியில இருந்ததுங்க. ஆம்பளைங்க பக்கத்துல நின்னு பேசுனாக் கொஞ்சம் தெரியுமுங்க. பின்னால இருந்து பேசுனா ஒண்ணுமே தெரியாதுங்க."

பழனியாத்தாள் ஒரு நாற்காலியை இழுத்து, ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி போட்டு, அவன் எதிரில் உட்கார்ந்தார். அவசரப்படாமல் பேசினார். ஒவ்வொரு வார்த்தையும் உதட்டில் தெரிந்தது.

"மொத நாளே நீங்க வேலை செய்யறப்பச் சொன்னனுங்க. நேத்தைக்கும் சொன்னனுங்க. இந்தப் பொட்டி பழைய டிஸ்க்கு இருக்கும்போதே அப்படித்தான். ஞாயித்துக்கெழமை லீவு உட்டுப்போட்டுத் திங்கக்கெழமை வந்தா, தேதி பின்னால போயிருக்கும். முந்தி கணக்கு எழுதுன பையன் என்னத்தையோ அமுக்கிச் சரிபண்ணுவான். அவன் கல்யாணமாகித் திருப்பூர் போயிட்டான். இப்பத் தெனமும் அப்படி ஆகுதோ என்னமோன்னு கேட்டேன். மொத நாளு 'பாத்துக்கலாமுங்க'ன்னீங்க, நேத்து 'செரிங்க'ன்னீங்க."

ஈஸ்வரமூர்த்தி எழுந்து மெஷினிடம் போனான். டிஸ்க்கைத் தொடவே இல்லை. உள்ளே டார்ச் அடித்தான். மதர்போர்டின் மூலையில், கேபிள்களுக்கு அடியில், நீல நிறத்தில் விரல் பருமனுக்கு ஒரு சின்ன பேட்டரி. அதன் ஒரு முனையில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

கரண்ட் இல்லாத நேரத்தில் தேதியையும், உள்ளே என்ன டிஸ்க் இருக்கிறது என்பதையும் அந்த மெஷின் நினைவில் வைத்துக்கொள்வது அந்த பேட்டரியின் பலத்தில்தான். பகலெல்லாம் மெஷின் ஓடும்போது அதில் கொஞ்சம் சார்ஜ் ஏறிக்கொள்ளும். அவன் அணைத்துப் போட்டுச் சோதித்த ஐந்து நிமிஷத்துக்கு அது போதும். ராத்திரி முழுக்கத் தாங்காது. காலையில் மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழுந்திருக்கும், எஃப் ஒன்று அமுக்கச் சொல்லும். புது டிஸ்க் கல் மாதிரி நன்றாக இருந்தது. ஒரு வாக்கியம் காதில் விழுந்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

பழைய பேட்டரியை வெட்டி எடுத்து, பச்சையைச் சுரண்டித் துடைத்தான். பையில் ஒயருடன் இருந்த வெளி பேட்டரியை, போர்டில் அதற்கென்று இருக்கும் ஊசிகளில் மாட்டி, கேபினட்டின் உட்பக்கம் ஒட்டினான். தேதியைத் திருத்தினான், டிஸ்க்கைப் பதிந்தான். பிளக்கையே பிடுங்கிவிட்டு, சாயங்காலம் வரை தொடவேண்டாம் என்றான்.

"அதுவரைக்கும் இங்கயே இருங்க. சாப்பிடுங்க" என்றார் பழனியாத்தாள்.

வீட்டிலிருந்து வந்த தூக்குப்போசியைப் பிரித்து இருவருக்கும் பரிமாறினார். கதவைச் சாத்தினார், ஆட்கள் வந்து கூப்பிட்டால் பிறகு வரச்சொன்னார். அவன் கண்ணைப் பார்த்துப் பேசினார். எப்போதிருந்து, வைத்தியம் பார்த்தீர்களா, வீட்டில் யார் என்றெல்லாம் கேட்டார். அவன் சொன்னான். சொல்லச் சொல்லத் தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காததால், சத்தமாகப் பேசுகிறேனோ என்று நடுநடுவே நிறுத்தினான். அவர் இல்லை என்று தலையாட்டினார். பெண் பார்க்கப் போன கதையைச் சொன்னபோது அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொள்ளாமல் சிரித்தார். அவனும் சிரித்தான், அதே நேரத்தில்.

"உங்க கம்பெனில தெரியுமுங்களா?"

"ஆருக்கும் தெரியாதுங்க."

சாயங்காலம் பிளக்கை மாட்டி ஆன் செய்தான். தேதி சரியாக இருந்தது. டிஸ்க்கிலிருந்து தடையில்லாமல் கிளம்பியது. வாசல்வரை வந்து வழியனுப்பிய அம்மாவிடம், கம்பெனியில் சொல்லிவிடாதீர்கள் என்று சொல்ல நினைத்தான். சோறு போட்டவரிடம் அப்படிக் கேட்பது அவரைச் சந்தேகப்படுவது போலாகும் என்று விட்டுவிட்டான். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நெடுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினான். கண்டக்டர் உலுக்கித்தான் எழுப்பினார்.

மறுநாள் காலையில் பழனியாத்தாள் போன் செய்தார். மெஷின் நன்றாக ஓடுகிறது என்று சொல்வதற்குத்தான் செய்தார். சொல்லிவிட்டு, "அந்தத் தம்பி நல்ல தம்பிங்க. காது மட்டுந்தான் கேக்கறதில்லை. எதுனாலும் எழுதிக் குடுத்து அனுப்புங்க, பாவம்" என்றும் சொன்னார். மனதார, அவனுக்கு நல்லதைத்தான் நினைத்துச் சொன்னார்.

பாலகோபால் அவனை உள்ளே கூப்பிட்டார். முதலில் கத்திப் பேசினார். கத்தினால் உதடு கோணிக்கொள்ளும், இருக்கிற கொஞ்சமும் புரியாது. பிறகு பேப்பர் பேடை எடுத்து எழுதினார்.

'எத்தனை வருஷமா?'

"தறியில இருந்தப்பவே சார்."

'ஏன் சொல்லலை?'

பாலகோபால் பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் எழுதினார். 'கஸ்டமர் சொல்றதைக் கேக்கணும் மூர்த்தி. வெளி வேலை வேண்டாம். உள்ள பெஞ்சுல இரு. போர்டெல்லாம் நீயே பாரு.'

அவர் எழுதியதில் தப்பில்லை. காங்கேயத்துக்கு மூன்று தடவை போனது யாரால் என்று அவனுக்கே தெரியும். "செரிங்க சார்" என்றான்.

பெஞ்சு பின்கட்டில் இருந்தது. ஜன்னல் இல்லாத அறை. வேலை மேல் வேலை வந்தது. சாப்பாட்டு நேரம் தவிரத் தலையைத் தூக்கவேண்டியிருக்கவில்லை. இப்போது எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரிடமும் தலையாட்ட வேண்டியதில்லை. அது ஒரு நிம்மதிதான். ஆனால் அவர்களும் அவனிடம் பேசுவதை விட்டுவிட்டார்கள். அவன் எதிரிலேயே அவனைப் பற்றிப் பேசினார்கள். உதடு படிக்கத் தெரியும் என்பது அவர்களுக்கு ஞாபகம் இருக்கவில்லை. பஸ் இல்லை, ஊர்கள் இல்லை, மோர் கொடுக்கிறவர்கள் இல்லை. சுவரில் பாலகோபால் ஒரு கரும்பலகை மாட்டச் செய்தார். வருகிறவர்கள் அதில் எழுதிவிட்டுப் போவார்கள். 'மானிட்டர் அர்ஜென்ட்.' 'ராம் மாத்தவும்.' 'பிரிண்டர் ஈரோடு பார்ட்டி.'

புரட்டாசியில் ஒரு நாள் ராமாமணி வந்து எழுதினாள். 'காங்கேயம் அம்மா போன்ல இருக்காங்க. வேற ஒரு வேலைக்கு ஆள் கேட்டாங்க, நீங்கதான் வரணுமாம். ஏன் வர்றதில்லைன்னு கேக்கறாங்க. என்ன சொல்ல?'

ஈஸ்வரமூர்த்தி அதை இரண்டு தடவை படித்தான். தான் போனில் சொன்னதால் என்ன ஆயிற்று என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் வருத்தப்படுவார். "உள்ள வேலை ஜாஸ்தின்னு சொல்லுங்க" என்றான். ராமாமணி கிளம்பியதும், "சௌக்கியமா இருக்கறேன்னும் சொல்லுங்க" என்றான். அவள் அதற்குள் போய்விட்டிருந்தாள். சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. எழுந்துபோய் முன்னறையை எட்டிப்பார்த்தான். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

ஐப்பசி பிறந்தது. ஒரு சாயங்காலம் பெஞ்சில் சால்டரிங் வேலை முடித்துவிட்டு நிமிர்ந்தவனுக்கு வெளியே மழை பெய்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும், பத்தடிதான். போகாமல் சுண்ணாம்புக்கட்டியை எடுத்தான். மற்றவர்கள் எழுதியதற்கெல்லாம் கீழே, ஓர் ஓரத்தில், 'வெளியில மழையா?' என்று எழுதிவிட்டு மறுபடியும் வந்து உட்கார்ந்தான்.

யார் யாரோ வந்தார்கள். ஒருவன் மேலே ஒரு வரியை அழித்து இன்னொரு வேலையை எழுதினான். ஒருவன் சரிசெய்த மெஷினை எடுத்துக்கொண்டு போனான். அவன் குனிந்த தலையோடு ஒயர்களைச் சுற்றி வைத்தான், ஸ்க்ரூக்களை டப்பாவில் போட்டான், விளக்கை அணைக்கத் தயாராகி நின்று பலகையைப் பார்த்தான். கேள்விக்குக் கீழே ராமாமணியின் கையெழுத்தில், 'இப்பதான் விட்டுது' என்று இருந்தது. எப்போது வந்து எழுதினாள் என்று தெரியவில்லை. முன்னறைக்குப் போனான். எல்லோரும் கிளம்பிவிட்டிருந்தார்கள், ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. குனிந்து வெளியே வந்தான். ரோடு முழுக்க ஈரமாக இருந்தது.